சர்வரக்கா போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் குடிநீர் அலுவலகத்தின் பெரிய இன்ஜினியர் ஒரு தாளை மேசைமேல் தள்ளி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். கூரியர் வாங்கக் கையெழுத்துக் கேட்பவர் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சர்வரக்கா தாளை எடுத்து நின்றுகொண்டே படித்தாள். மூன்று வரிதான். நகரத்தின் பழைய குழாய் வரைபடங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றத் தேவையான மென்பொருள் தற்போதைய சர்வருக்குக் கிடைக்குமா என்று தேடப்பட்டது. கிடைக்கவில்லை. எனவே வரும் வெள்ளிக்கிழமையோடு சர்வரை நிறுத்திவிடலாம். கீழே அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு.

"தேடினது யாரு சார்?"

"நம்ம கம்பெனிக்காரர்தான். உங்க கண்ணு முன்னாடிதானே நேத்து தேடினார்?"

"அப்ப அவரே கையெழுத்துப் போடட்டும். நான் தேடல. தேடாம இல்லைன்னு எழுதித் தர மாட்டேன்."

அந்த அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். இன்ஜினியர். அவருக்குப் பக்கத்தில், மடிக்கணினியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர். பழைய வரைபடங்கள் உதவாது என்று ஆகிவிட்டால் ஊர் முழுக்கத் தெருத் தெருவாக அளந்து புதிதாக வரைந்து கொடுக்கும் வேலை அவருடைய கம்பெனிக்குத்தான் வரும். ஜன்னலோரம் ஃபைல் கட்டோடு தலைமை எழுத்தர். விதிமுறைப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான்காவது, சர்வரக்கா. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இவங்க கையெழுத்து எதுக்குங்க, இவரு சொன்னாப் போதாதா?" என்று இன்ஜினியர் தனக்குள்ளே கேட்பது போல எழுத்தரைப் பார்த்தார்.

"இயந்திரத்தைக் கையாள்றவங்க சான்று வேணும் சார். வெளியாள் சான்று செல்லாது" என்றார் எழுத்தர், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள தேடிக்கோங்க. அப்புறம் அடம் பிடிக்கக் கூடாது" என்றார் இன்ஜினியர்.

"கிடைச்சா?"

"கிடைச்சாப் பாக்கலாம்" என்று அவர் சிரித்தார். கம்பெனிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைத்தான் சர்வரக்காவால் மறக்க முடியவில்லை.

சர்வரக்கா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். முதன்முதலில் அந்தப் பெயர் வீட்டுக்கு எட்டியபோது அவள் நாத்தனார், "எந்த ஹோட்டல்ல அண்ணி?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். ஆனால் அலுவலகத்தின் பதிவேட்டில் அவள் சர்வரக்காவும் இல்லை, சர்வர் சம்பந்தப்பட்ட வேறு எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடம் முன்பு எந்தப் பெயரில் வேலைக்கு எடுத்தார்களோ அதே பெயர்: தொலைபேசிப் புகார்ப் பதிவாளர். "எங்க தெருவுல தண்ணி வரல", "வர்ற தண்ணி கலங்கலா இருக்கு", "குழாய் உடைஞ்சு ரோடெல்லாம் ஆறா ஓடுது, நீங்க அங்க தூங்குறீங்களா?" இதையெல்லாம் காதில் வாங்கி, எழுதி, திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற வேலை. அதை அவள் பதினோரு வருடம் பார்த்தாள். குறை சொல்ல முடியாமல் பார்த்தாள்.

பிறகு ஒருநாள், சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வெளிநாட்டில் வேலை கிடைத்து, காலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்து மாலையில் கிளம்பிவிட்டார். போனவர் போனவர்தான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் தானாக அச்சாகி வரும் புகார்ப் பட்டியல் வரவில்லை. எந்தத் தெருவுக்குப் போவது என்று தெரியாமல் குழாய் ஃபிட்டர்கள் அவள் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றார்கள். மேலதிகாரிகள் சொன்னார்கள், "ஆள் வருவார்." ஒன்பது நாள் ஆளும் வரவில்லை, தேளும் வரவில்லை. பத்தாம் நாள் ஃபோனைப் பக்கத்து மேசைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய மீட்டர்கள் குவிந்துகிடந்த சேமிப்பறையின் மூலையில் இருந்த சர்வர் அறைக்குள் அவளே போனாள்.

கறுப்புத் திரை. அதில் மின்னி மின்னி அடங்கும் ஒரு சின்னக் கட்டம். கடவுச்சொல்லை விசைப்பலகையின் அடிவயிற்றில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மருந்து டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கும் அளவுக்குத்தான் அவளுக்கு ஆங்கிலம். பெட்டியோடு வந்த கையேடு ஒன்று கிடந்தது. இரண்டு நாள் அதை அகராதியோடு வைத்துக்கொண்டு உருட்டியதில் ஒரு கட்டளை பிடிபட்டது: தேடு. தேடு என்று அடித்து, அச்சு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்து, என்டரைத் தட்டினாள். அம்மாடி! திரை முழுக்க வரி வரியாக ஓடியது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பேக்கேஜின் பெயர், பக்கத்தில் அது என்ன வேலை செய்யும் என்று ஒரே வரியில் விளக்கம். இத்தனை மென்பொருள்களை யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிக் கட்டிவைத்து, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தால் போதும். பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் இவ்வளவு தாராளமாக எதையும் காட்டியதில்லை.

பட்டியலில் பதினேழாவதாக இருந்த பேக்கேஜை நிறுவினாள். மூன்றாம் நாள் விடியலில் அச்சு வந்தது. ஃபிட்டர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்த அறை அவளுடையது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வாரப் பத்திரிகை புரட்டினால், அவள் சும்மா ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுத் தேடி, வரும் பட்டியலைப் படிப்பாள். நிலாவின் வளர்பிறை தேய்பிறையைச் சொல்ல ஒன்று, உலகத்து நேரத்தையெல்லாம் ஒரே வரிசையில் காட்ட ஒன்று, திரையில் ரயில் ஓட்டி வெறுமனே சிரிக்க வைக்க ஒன்று. அப்படித்தான் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காக அவள் யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதும் இல்லை.

சர்வர் பொறுப்பாளர் என்று தன்னைப் பதிவேட்டில் எழுதும்படி இந்தப் பதினோரு வருடத்தில் நான்கு முறை மனுக் கொடுத்தாள். நான்கு முறையும் ஒரே பதில்: அப்படி ஒரு பதவி இங்கே இல்லை. பதவி இல்லை, ஆனால் வேலை மட்டும் இருந்தது; அதை அவள் பார்த்தாள். இப்போது சர்வரை நிறுத்தினால் மறுநாள் காலையிலேயே அவளை ஃபோன் மேசைக்கு அனுப்பிவிடலாம். இடமாற்ற உத்தரவுகூடத் தேவையில்லை. பதிவேட்டின்படி அவள் அங்கிருந்து எழுந்ததே இல்லையே!

சரி, கம்பெனிக்காரர் எப்படித் தேடினார்? திங்கட்கிழமை வந்தார். கேட்காமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, அதில் இருந்த ஒரு பெயரை அடித்து, நிறுவு என்றார். அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்றது திரை. "பாத்தீங்களா?" என்று எழுந்துவிட்டார். நாற்காலி சூடுகூட ஏறவில்லை. இதற்குப் பெயர் தேடலா?

செவ்வாய் மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். வீடு என்றால் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் சத்தமே ஆகாது அவருக்கு.

"போட்டுட்டுப் போயேன். ஃபோன் எடுக்கறது என்ன கேவலமா?"

"கேவலம்னு நான் சொன்னேனா? அதுல பதினோரு வருஷம் சோறு தின்னவ நான். ஆனா இவங்க என்னை அனுப்பறது ஒரு பொய்யைச் சொல்லி. அந்தப் பொய்யையும் என் கையாலயே எழுத வச்சு."

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே இல்லாம இருந்தா?"

"இல்லாம இருந்தா இல்லைன்னு எழுதி, பெருசாக் கையெழுத்துப் போட்டு, நானே ஃபோன் மேசைக்கு நடந்து போறேன். முதல்ல தேடணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"அண்ணி கிளம்பிட்டாங்க" என்றாள் உள்ளறையிலிருந்து நாத்தனார். "இனிமே யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நீ பேசாம சாப்பிடுண்ணா."

புதன்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். குளிரூட்டி சொட்டும் தண்ணீருக்குக் கீழே நீல வாளி. குடிநீர் அலுவலகத்தில் ஒழுகாத இடமே கிடையாது. கம்பெனிக்காரர் சீட்டில் இருந்த பெயரை முதலில் பார்த்தாள். அது பேக்கேஜின் பெயரே இல்லை. வேலை செய்யும்போது திரையில் அடிக்கிற கட்டளையின் பெயர். கட்டளைக்கு ஒரு பெயர் இருக்கும், அது கட்டிவரும் பேக்கேஜுக்கு வேறொரு பெயர் இருக்கும். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்குமா? அவளுக்கு ஒரே குஷி. அடித்தது பார் யோகம், வெள்ளிக்கிழமை இந்த மனுஷன் முகத்தில் ஈ ஆடாது என்று நினைத்துக்கொண்டு, தேடு, வரைபடம் என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

மூன்றே மூன்று வரி வந்தது. மூன்றும் ஏற்கெனவே சர்வரில் இருப்பவை. வரைபடத்துக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுபடி அடித்தாள். மாற்று என்ற சொல்லைப் போட்டாள். படம் என்று போட்டாள். எதைப் போட்டாலும் இரண்டோ மூன்றோ, அதுவும் அறையிலேயே இருக்கிற சாமான்கள்தான். முன்பு ஒரு சொல்லுக்கு நானூறு வரி ஓடிய திரை இது. நிலாவுக்கான பேக்கேஜைத் தேடினாள். அதுவும் இல்லை. ரயிலும் இல்லை. உலகத்தில் இருந்ததையெல்லாம் யார் வாரிக்கொண்டு போனார்கள்?

சர்வர் தேடுவது உலகத்தை அல்ல, தன்னிடம் இருக்கும் பட்டியலை. எந்த முகவரியிலிருந்து அந்தப் பட்டியலை வாங்கிவர வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பைத் திறந்தாள். முகவரி வரி இருந்தது. ஆனால் அதன் முன்னால் # என்று ஒரு ஹாஷ் குறி. அந்தக் குறி இருந்தால், இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று சர்வருக்கு அர்த்தம். அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: தினமும் எரர் வருது, அப்புறம் பாக்கலாம். மூன்று வருடம் முந்தைய தேதி.

எழுதியது அவள்தான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. சர்வர் பழசாகிவிட்டதால், அதற்கான பேக்கேஜ்களை வைத்திருந்தவர்கள் அவற்றைப் பழைய சரக்குக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். முகவரி மாறியது தெரியாமல் சர்வர் தினமும் காலையில் பழைய வாசலைத் தட்டி, பதில் இல்லாமல், அன்றைய இன்ஜினியருக்கு ஒரு பிழை மின்னஞ்சல் அனுப்பும். அவர் ஒருநாள் ஃபோனில், "இந்தக் குப்பையை நிறுத்தித் தொலைங்க!" என்று கத்தினார். புது முகவரியைத் தேடுவதை விட்டுவிட்டு, இவளும் நிறுத்தித் தொலைத்தாள். வாழ்நாளில் எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் கீழ்ப்படிந்த ஒரே உத்தரவு அது. அதற்குப் பின் சர்வரில் புதிதாக எதையும் நிறுவவேண்டி வரவில்லை. சாப்பாட்டு வேளைப் பட்டியல் வாசிப்பும் வேலை மிகுதியில் எப்போதோ நின்றுவிட்டது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு ஊரில் இல்லை என்று திரை சொல்லியிருக்கிறது. சொல்ல வைத்தவள் அவள். ஐந்து நிமிடம் வெட்கப்பட்டாள். அதற்கு மேல் வெட்கப்பட நேரமில்லை.

மாறிய முகவரியைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆனது. ஹாஷ் குறியை அழித்து, புது முகவரியை எழுதி, பட்டியலைப் புதுப்பி என்றாள். பட்டியல் காலாவதியாகிவிட்டது, எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முரண்டு பிடித்தது சர்வர். "நீயும் பழசு, அதுவும் பழசு, உனக்கென்ன இவ்வளவு வீறாப்பு?" என்று வாய்விட்டே கேட்டாள். கையேட்டைக் குடைந்து, தேதியைப் பார்க்காதே என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். என்டர். வரி வரியாக இறங்கியது பட்டியல். மூன்று வருடமாகப் பார்க்காத அந்த ஓட்டத்தைக் கண்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு நடந்ததுதான் தேடல். வரைபடம் என்ற சொல்லுக்கு அறுநூற்றுச் சொச்சம் வரி. விசைப்பலகை, எழுத்துரு, நினைவகம் என்று எதற்கெல்லாமோ அந்த ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். கூடவே மாற்று என்பதைச் சேர்த்தாள், முப்பத்தெட்டு. நிலவியல் என்பதையும் சேர்த்தாள், ஏழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏழையும் படித்தாள். சந்தேகம் தீர இன்னொரு வழியும் இருந்தது: எந்தப் பேக்கேஜுக்குள் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தேடுவது. கம்பெனிக்காரர் சீட்டில் இருந்த அதே கட்டளைப் பெயரைக் கொடுத்து அந்த வழியில் கேட்டாள். ஒரே ஒரு பதில். ஏழில் நான்காவதாக இருந்ததேதான். பெயரில் ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பெயரை வைத்தவன் பொல்லாதவன்.

வியாழக்கிழமை நிறுவினாள். நானூற்றுப் பன்னிரண்டு வரைபடங்களில் முதலில் பழைய சந்தைத் தெருவின் படத்தை மாற்றி, ஒரு ஃபிட்டரின் கைப்பேசிக்கு அனுப்பினாள். இந்த ஃபிட்டர்தான் போன மழைக்காலத்தில், வால்வு எங்கே என்று தெரியாமல் அந்தத் தெருவில் மூன்று இடத்தில் தோண்டி, இடுப்பளவு சேற்றில் நின்று ஊராரிடம் வசவு வாங்கியவர். கொஞ்ச நேரத்தில் அவரே ஓடிவந்தார், கையெல்லாம் மண்.

"அக்கா! டெலிஃபோன் கம்பத்துக்கு ஆறடி தள்ளி வால்வு இருக்குன்னு படம் சொல்லுது. தோண்டிப் பாத்தேன். இருக்குக்கா! இத்தனை வருஷமா பக்கத்துல நின்னுக்கிட்டே தேடியிருக்கேன்."

அவரிடம் மட்டும் ஹாஷ் குறி விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறிவிட்டார்.

"ஐயோ, அதை வெளிய விட்டுடாதீங்கக்கா. கம்பெனிக்காரன் தப்பான பேரைப் போட்டுத் தேடினான், நீங்க சரியான பேரைப் போட்டு எடுத்தீங்க. அதோட நிறுத்திக்கோங்க. உள்ள ஒரு வரி இருந்துச்சு, அதை நீங்கதான் அடைச்சீங்கன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வரியை மாற்றியாகிவிட்டது. அன்று முழுக்க அவள் மீதி வரைபடங்களை மாற்றிக்கொண்டே அதைப் பற்றி யோசித்தாள். மறைத்தால் ஜெயம் சுத்தமாக அவள் கையில்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இன்ஜினியர் அறையின் பெரிய திரையில் ஊரே விரிந்தது. நீலக் கோடாகக் குழாய்கள், சிவப்புப் புள்ளியாக வால்வுகள். ஒரு புள்ளியைத் தொட்டால் எந்த வருடம் பதித்தது, எவ்வளவு ஆழம் என்று சொன்னது. இன்ஜினியர் தன் வீட்டுத் தெருவைத் தேடிப் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கம்பெனிக்காரர்தான் பேசினார். குரலில் திமிர் இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். "திங்கட்கிழமை நான் தேடினப்ப இல்லையே மேடம். இது எப்படி?"

"நீங்க கட்டளைப் பேரைப் போட்டுத் தேடினீங்க. பேக்கேஜ் பேரு வேற."

"அப்ப பேக்கேஜ் பேரைப் போட்டிருந்தா அன்னிக்கே வந்திருக்குமா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மனிதர் இன்ஜினியர் முன்னால் மூக்குடைந்து போவார். திங்கட்கிழமை கேட்காமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்தானே. ஆனால் எதை எழுதித்தர மாட்டேன் என்று நான்கு நாளாக ஒற்றைக்காலில் நின்றாளோ, அதே பொய்ச் சரக்கைத்தான் இப்போது தன் வாயாலேயே விற்கப்போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"வந்திருக்காது" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி நான் பட்டியல் முகவரியை அடைச்சு வச்சேன். மறுபடி திறக்கல. சரியான பேரைப் போட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கும்."

இன்ஜினியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகத்தில் தெம்பு வந்தது.

"ஓஹோ! அப்ப மூணு வருஷமா சர்வரைக் கவனிக்காமப் போட்டு வச்சிருக்கீங்க. அதை மறைச்சுட்டு இங்க வந்து வித்தை காட்டறீங்க?"

"மறைச்சிருந்தா உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நான்தானே சொல்றேன்."

"எதிர்த்துப் பேசாதீங்க! இவ்வளவு பெரிய தப்பு..."

"ஆமா சார், தப்புதான். என் தப்பு. தாளைக் குடுங்க, இப்பவே எழுதித் தர்றேன். ஆனா தப்புப் பண்ணினது நான், சர்வர் இல்ல. என் தப்புக்கு என்னைக் கேளுங்க. அதுக்காக ஓடற மெஷினை ஓடலன்னு எழுதச் சொல்லாதீங்க."

அங்கேயே ஒரு தாளை இழுத்து, நின்றுகொண்டே எழுதினாள். பட்டியலை அடைத்தது எப்போது, யார், ஏன். திறந்தது எப்போது. தேடியது எப்படி, கிடைத்தது என்ன, மாறிய வரைபடங்கள் எத்தனை. கடைசியில் பளிச்சென்று கையெழுத்துப் போட்டு எழுத்தர் முன்னால் வைத்தாள். மேசையின் அந்தப் பக்கம் கிடந்த மூன்று வரித் தாளில் கோடு காலியாகவே இருந்தது.

"இது ஃபைல்ல ஏறிட்டா அது ஏற முடியாது சார்" என்றார் எழுத்தர். "கிடைச்சதுன்னு ஒரு சான்று, கிடைக்கலன்னு ஒரு சான்று, ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கக் கூடாது."

கம்பெனிக்காரர் மடிக்கணினியை மூடினார். போகும்போது அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார். இன்ஜினியருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சர்வர் ஓடட்டும். வேற ஆளைப் போட்டுக்கலாம். இந்தம்மாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ குடுங்க, கடுமையா எழுதுங்க. திங்கட்கிழமையிலிருந்து இவங்க ஃபோனுக்குப் போகட்டும்."

"உத்தரவை எழுத்துல குடுங்க சார், போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சர்வர் தப்பித்தது, தான் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. சனி ஞாயிறு வீட்டில் அடுப்படிப் பக்கமே போகவில்லை. கணவர் ஒன்றும் கேட்காமல் இரண்டு வேளையும் அவரே சமைத்தார். நாத்தனார்கூட வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய ஆச்சரியம்.

திங்கட்கிழமை அவள் ஃபோன் மேசைக்குப் போகவில்லை. உத்தரவு கைக்கு வரட்டும் என்று சர்வர் அறையிலேயே போய் உட்கார்ந்து, வாளியைக் காலி செய்து வைத்துவிட்டு, பட்டியலைப் புதுப்பித்தாள். பத்தரை மணிக்குத் தலைமை எழுத்தர் வந்தார். பதினோரு வருடத்தில் அவர் அந்த அறைக்குள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. அரசாங்கத் தாளில் தட்டச்சு செய்த மெமோவை நீட்டினார். கீழே இன்ஜினியரின் கையெழுத்து, கோபத்தில் போட்டது, மை தெறித்திருந்தது.

அவள் படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். கடந்த பதினோரு ஆண்டுகளாக இவ்வலுவலகத்தின் சர்வர் பராமரிப்புப் பொறுப்பாளராகப் பணியாற்றிவரும் தாங்கள்.

"இது என்ன சார்? அப்படி ஒரு பதவியே இல்லைன்னு நீங்கதானே நாலு தடவை எழுதினீங்க?"

"ஆமா, நான்தான் எழுதினேன். விதி அப்படி" என்றார் எழுத்தர், குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமல். "இப்ப விதி இப்படி. பொறுப்பு இல்லாதவங்க மேல பொறுப்புத் தவறினதா குற்றம் சாட்ட முடியாது. ஃபோன் பதிவாளருக்கு சர்வர் பத்தி மெமோ குடுத்தா மேலிடத்துல தூக்கி எறிஞ்சுடுவாங்க. மெமோ வேணும்னா முதல்ல பொறுப்பை எழுதணும்னு சொன்னேன். சார், எழுதுங்கன்னாரு. எழுதினேன். கையெழுத்துப் போட்டாரு."

"அப்ப ஃபோனுக்குப் போற உத்தரவு?"

"ஃபோன் பதிவாளரைத்தான் ஃபோனுக்கு அனுப்ப முடியும். நீங்க இப்ப அது இல்லையே." அவர் பேனாவை நீட்டினார். "மெமோ கிடைச்சதுக்குக் கையெழுத்து இங்க. ஏழு நாளுக்குள்ள விளக்கம் தரணும்."

"ஏழு நாள் எதுக்கு?" என்றாள்.

விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். இவ்வலுவலகத்தின் சர்வர் பராமரிப்புப் பொறுப்பாளராகிய நான், பட்டியலைப் புதுப்பிக்கத் தவறியது உண்மை. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இனி ஒவ்வொரு நாளும் காலையில் நானே புதுப்பிப்பேன்.